சிமெண்ட் ஆலைப் பக்கத்து மண்ணில் கன உலோகம் இருக்கிறதா? மாதிரி எடுப்பது முதல் லேப் தாளை வாசிப்பது வரை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், கிந்தா பக்கத்துத் தோட்டப்புற ஊர்களில் சுண்ணாம்புக் குன்று தெரிகிற இடத்தில் கல் உடைக்கிற சத்தமும் கேட்கும். சில இடங்களில் குன்றுக்குக் கீழேயே சிமெண்ட் சூளை. எங்கள் ஊரும் அப்படித்தான். லயத்து வீட்டுக்குப் பின்னால் கங்கோங் (வள்ளைக்கீரை), தண்டுக்கீரை, மரவள்ளி போட்டிருக்கிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: இதில் விளைந்ததைச் சாப்பிடலாமா?

நான் செம்பனை எண்ணெய் ஆலை லேப்பில் வேலை பார்த்தவன். குடியிருப்பாளர்கள் மண் மாதிரி எடுக்கப் போனபோது மூன்று தடவை கூடப் போயிருக்கிறேன். முதல் தடவை எடுத்தது அத்தனையும் பாழ், அதில் என் பங்கும் உண்டு. எல்லாரும் செய்கிற தவறு, பையைத் தூக்கிக்கொண்டு நேரே ஆலை வேலியோரம் போய்த் தோண்டுவது. கீழே பாருங்கள், மண்வெட்டியைத் தொடுவது ஏழாவது படியில்தான் வருகிறது.

1. கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

"ஆலைக்காரன் மண்ணைக் கெடுத்துவிட்டான்" என்பது கோபம். அதை வைத்து எங்கே தோண்டுவது, எவ்வளவு ஆழம் என்று முடிவு செய்ய முடியாது. மூன்று கேள்விகளில் உங்களுடையது எது என்று பாருங்கள்.

கீரை சாப்பிடலாமா என்பது உங்கள் கேள்வியானால், வேர் ஓடுகிற ஆழம் வேண்டும்: மேலிருந்து 15 சென்டிமீட்டர். பாத்தியிலேயே எடுக்கலாம்.

பிள்ளைகள் வாசலில் விளையாடலாமா என்பதானால், மேல் 2 சென்டிமீட்டர் போதும். கையில் ஒட்டி வாய்க்குப் போவது அந்த மண்தான். 15 சென்டிமீட்டர் தோண்டினால் கீழ்மண் கலந்து எண் குறைந்து, ஆபத்தே இல்லாத மாதிரி காட்டும்.

உலோகம் ஆலையிலிருந்துதான் வந்ததா என்பதானால், பாத்தி உதவாது. கொத்திக் கொத்தி மேல்மண்ணும் கீழ்மண்ணும் புரண்டிருக்கும், எருவும் உரமும் சேர்ந்திருக்கும். பல வருஷம் யாரும் கிளறாத புல்தரை வேண்டும். கோயிலின் பின்புறம், பள்ளித் திடலின் ஓரம், பழைய இடுகாட்டு வேலியோரம் எல்லாம் நல்ல இடங்கள். அங்கே 0–5, 15–30 சென்டிமீட்டர் என இரண்டு ஆழத்தில் எடுக்க வேண்டும். உலோகம் மேலே கூடவும் கீழே குறைவாகவும் இருந்தால் அது பெரும்பாலும் வானத்திலிருந்து விழுந்தது. இரண்டிலும் ஒரே அளவு என்றால் பெரும்பாலும் அந்த மண்ணே அப்படி.

மூன்றுக்கும் ஒரே பையில் பதில் தேடாதீர்கள். எங்கள் முதல் சுற்றில் அதைத்தான் செய்தோம்.

2. அந்த இடத்தில் முன்னால் என்ன இருந்தது என்று கேளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். ஊரில் எழுபது வயதைத் தாண்டிய இரண்டு பேரைப் பிடித்து, தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து உட்கார வையுங்கள். ஆலைக்குச் சம்பந்தமே இல்லாமல் மண்ணில் உலோகம் ஏற நம் ஊர்களில் எத்தனையோ வழி இருக்கிறது.

ஈயச்சுரங்க மணல்: வெள்ளீயத் தாதுவோடு ஆர்செனிக் கொண்ட தாதுவும் சேர்ந்தே கிடக்கும். சுரங்கம் கொட்டிய மணல்மேல் எழுந்த குடியிருப்பில் ஆர்செனிக் அதிகமாக இருக்கலாம்.

ரப்பர்க் காட்டு மருந்து: பாராகுவாட் என்ற களைக்கொல்லி வருவதற்கு முன்னால் தோட்டங்களில் புல் மருந்தாக அடித்தது சோடியம் ஆர்செனைட். பழைய மருந்து ஸ்டோர் இருந்த இடத்தில் இன்றைக்கும் ஆர்செனிக் மிச்சம் இருக்கலாம்.

தகரக் கூரை: லயத்து வீட்டுத் தகரத்தில் துத்தநாகப் பூச்சு. கூரைத் தண்ணீர் சொட்டுகிற கோட்டில் துத்தநாகம் எகிறும். பாத்தி போடுவதும் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான், தண்ணீர் கிடைக்கிறதே!

இன்னும் சில: பழைய பெயிண்ட் உதிர்ந்த சுவர், ஈயம் கலந்த பெட்ரோல் ஓடிய காலத்துச் சாலையோரம், பேட்டரி உடைத்த கொல்லை. இவை காரீயத்துக்கு. பாறை பாஸ்பேட் உரத்தில் காட்மியம் வரும். எண்ணெய் ஆலை பாய்லர் சாம்பலைப் பாத்தியில் கொட்டியிருந்தால் மண்ணின் காரத்தன்மை கூடும், அதுவும் சிமெண்ட்டுத் தூசு விழுந்த மாதிரியே காட்டும்.

பெயரிலும் ஒரு குழப்பம். நம் ஊரில் சுரங்கத்தில் தோண்டியதும் ஈயம், பேட்டரிக்குள் இருப்பதும் ஈயம். லேப் தாளில் இவை வேறு வேறு: பிபி என்ற குறி காரீயம், எஸ்என் என்ற குறி வெள்ளீயம். ஒரு கூட்டத்தில் காரீய எண்ணைப் பார்த்துவிட்டு, "ஈயம்தானே, இது ஈயம் தோண்டின ஊர், இருக்கத்தான் செய்யும்" என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் தலையாட்டினார்கள். அந்த இரண்டும் ஒன்றில்லை.

3. இரண்டு வாரம் தூசைக் கவனியுங்கள்

சிமெண்ட் ஆலையிலிருந்து தூசு இரண்டு விதமாக வருகிறது. கல் உடைக்கும் இடம், பெல்ட்டு, கிளிங்கர் (சூளையில் வெந்து வருகிற கட்டி) குவியல், லோரிப் பாதை இவற்றிலிருந்து கிளம்புவது கனமான தூசு, பக்கத்திலேயே விழுந்துவிடும். உலோகம் அதிகம் ஒட்டியிருப்பது சூளைப் புகையின் நுண்தூசில். சூளைக்குள் சுமார் 1450 டிகிரி சூடு. கல்லிலும் களிமண்ணிலும் நிலக்கரியிலும் இருக்கிற காட்மியம், காரீயம், தாலியம் அந்தச் சூட்டில் ஆவியாகி, குளிரும்போது நுண்தூசில் படிந்துகொள்ளும். பாதரசம் பெரும்பாலும் ஆவியாகவே வெளியேறும். உயரமான புகைபோக்கி இவற்றை வேலியைத் தாண்டித் தள்ளி விழ வைக்கும். வேலியோரம் மட்டும் தோண்டினால் சுண்ணாம்புத் தூசு நிறையக் கிடைக்கும், தேடிப் போனது கிடைக்காமல் போகலாம்.

காற்றைப் பாருங்கள். வடகிழக்குப் பருவக்காற்று நவம்பரிலிருந்து மார்ச் வரை, தென்மேற்கு மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை என்பது நாட்டுக் கணக்கு. கிழக்கே தித்திவங்சா, மேற்கே கிளேடாங் என்று இரண்டு மலைத்தொடருக்கு நடுவில் இருக்கிற நமக்குப் பகலில் ஒரு பக்கம், இரவில் ஒரு பக்கம் அடிக்கும். காலை, மதியம், இரவு மூன்று வேளையும் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒரு நோட்டில் குறியுங்கள். கோயில் கொடி இருந்தால் அதுவே போதும்.

வீட்டு நாக்கோ கண்ணாடியின் (சாய்த்துத் திறக்கிற பலகை ஜன்னல்) ஒரு பலகையைத் துடைத்து வையுங்கள். மூன்று நாள் கழித்து அதில் படிந்ததை வெள்ளைத் தட்டில் சுரண்டிப் போட்டு இரண்டு சொட்டு வினிகர் விடுங்கள். பொசுபொசுவென்று நுரைத்தால் சுண்ணாம்புத் தூசு. நுரைக்காத கறுப்பு என்றால் பாய்லர்க் கரியோ குப்பை எரித்ததோ. கல் குவாரித் தூசும் இதே மாதிரி நுரைக்கும் என்பதால் இது ஆலைக்கு எதிரான சாட்சி ஆகாது. எந்தத் தெருவில் தூசு அதிகம் என்று வரைபடத்தில் புள்ளி வைக்க இது போதும், செலவும் இல்லை.

4. தோண்டும் முன் லேப்புக்குப் போன் போடுங்கள்

மண்ணை எடுத்து வைத்துக்கொண்டு லேப் தேடுகிறவர்கள் பாதி மாதிரியைத் திரும்ப எடுக்க வேண்டி வரும். எந்தப் பாத்திரத்தில், எவ்வளவு எடை, ஈரமாகவா காயவைத்தா என்பது லேப்புக்கு லேப் மாறும்.

சாம் அங்கீகாரம் உள்ள லேப்பா என்று முதலில் கேளுங்கள். ஸ்டாண்டர்ட்ஸ் மலேசியா நடத்துகிற அங்கீகாரம் அது. லேப்புக்கு அங்கீகாரம் இருந்தால் போதாது, மண்ணில் அந்தந்த உலோகத்தை அளப்பதற்கும் இருக்க வேண்டும். தண்ணீருக்கு மட்டும் அங்கீகாரம் வாங்கிய லேப்புகள் உண்டு.

என்னென்ன அளக்கச் சொல்வது? காரீயம், காட்மியம், ஆர்செனிக், குரோமியம், நிக்கல், துத்தநாகம், செம்பு, பாதரசம் என்று வழக்கமான தொகுப்பு ஒன்று இருக்கும். அதோடு தாலியத்தைக் கேட்டு வாங்குங்கள், பல தொகுப்பில் அது இருக்காது. 1979-இல் ஜெர்மனியின் லெங்கரிஹ் ஊரில் ஒரு சிமெண்ட் ஆலையிலிருந்து வெளியேறி வீட்டுத் தோட்டக் காய்கறியில் ஏறியது தாலியம்தான். கால்சியம், அலுமினியம், பிஎச் (மண்ணின் புளிப்பு, காரத்தைச் சொல்லும் எண்) மூன்றையும் சேருங்கள். இவை விஷம் இல்லை என்று பலர் காசு மிச்சம் பிடிக்கிறார்கள். ஒன்பதாம் படியில் கணக்குப் போட இவைதான் வேண்டும்.

குரோமியத்தில் ஒரு கண்ணி. மொத்தக் குரோமியம் மண்ணில் இயல்பாகவே இருக்கும். ஆபத்தானது ஆறாம் நிலைக் குரோமியம், அதற்குத் தனிச் சோதனை. அந்த மாதிரியைக் காயவைக்கக் கூடாது, ஈரத்தோடு ஐஸ் பெட்டியில் போக வேண்டும்.

ஒரு மாதிரிக்கே சில நூறு வெள்ளி (ரிங்கிட்) ஆகிவிடலாம். காசு குறைவென்றால் உலோகத்தைக் குறைக்காதீர்கள், இடத்தைக் குறையுங்கள். நன்றாக எடுத்த நாலு மாதிரி, தாறுமாறாக எடுத்த பன்னிரண்டைவிட மேல்.

5. ஒப்பு மண்ணை முதலில் தேர்ந்தெடுங்கள்

இந்த வேலை முழுக்க இதில்தான் நிற்கிறது. உங்கள் பாத்தியில் காரீயம் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்று வந்தால் அது கூடவா குறைவா? தூசு விழாத, ஆனால் அதே வகை மண் பக்கத்தில் இருக்க வேண்டும். அதில் 38 என்றால் ஒரு கதை, 12 என்றால் வேறு கதை.

இரண்டாவது சுற்றில் நாங்கள் வழுக்கியது இங்கேதான். தூரமாகப் போனால் சுத்தம் என்று நினைத்து, பத்து கிலோமீட்டர் தள்ளி ரப்பர்க் குன்றில் செம்மண் எடுத்தோம். எங்கள் குடியிருப்போ சுரங்க மணல். செம்மண் களி உலோகத்தைப் பிடித்து வைக்கும், மணல் விட்டுவிடும். முடிவு வந்தபோது தூரத்துக் குன்றுதான் "அசுத்தம்", ஆலைப் பக்கம் "சுத்தம்" என்று தாள் சொன்னது. அந்தத் தாளை ஒரு அதிகாரியிடம் காட்டியிருந்தால் எங்கள் கதை அன்றோடு முடிந்திருக்கும்.

ஆகவே மண் வகை ஒன்றாக இருக்க வேண்டும். நிறம் பாருங்கள், ஈரமாக்கி உருட்டிப் பாருங்கள். கயிறு மாதிரி நீண்டால் களி, உதிர்ந்தால் மணல். நிலத்தின் பழைய உபயோகமும் ஒன்றாக இருக்க வேண்டும்: சுரங்க மணலுக்குச் சுரங்க மணல், தோட்ட மண்ணுக்குத் தோட்ட மண். காற்று அடிக்காத திசையில், சில கிலோமீட்டராவது தள்ளி, பெரிய சாலையை விட்டு விலகி. மூன்று இடமாவது வேண்டும், ஒன்றே ஒன்று தற்செயலாகக் கெட்டதாக அமைந்துவிடலாம்.

தோட்ட நிலத்தில் என்றால் மேனேஜரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். "தெரிந்த கிராணிதான் (தோட்டத்துக் கணக்கர்)" என்பது பின்னால் சிக்கல்.

6. சாமான்களைத் தயார் செய்யுங்கள்

பூச்சு இல்லாத துருப்பிடிக்காத எஃகுக் கரண்டி அல்லது பிளாஸ்டிக் கரண்டி, பிளாஸ்டிக் வாளி, புதிய கெட்டிப் பிளாஸ்டிக் பைகள், அளவுகோல், கையுறை, பென்சில், காய்ச்சி வடித்த தண்ணீர், டிஷ்யூ. அவ்வளவுதான்.

எங்கள் முதல் சுற்றைப் பாழாக்கியது ஒரு வாளி. வீட்டிலிருந்த துத்தநாகப் பூச்சுத் தகர வாளியில் மண்ணைக் கலக்கினோம். கலக்கும்போது கரகரவென்று உள்பக்கம் சுரண்டுகிற சத்தம் என் காதில் விழத்தான் செய்தது. லேப்பில் வேலை செய்தவன் அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். ஒன்பது பையிலும் துத்தநாகம் எகிறி வந்தது. துத்தநாகத் தாதுவில் காட்மியமும் காரீயமும் ஒட்டிக்கொண்டே வரும் என்பதால் மற்ற எண்களையும் நம்ப முடியாமல் போய்விட்டது.

பெயிண்ட் அடித்த மண்வெட்டி, பளபளக்கும் குரோமியப் பூச்சுக் கரண்டி, துருப்பிடித்த கத்தி எதுவும் வேண்டாம். மேற்புல்லை வெட்ட மண்வெட்டி தேவைப்பட்டால் வெட்டிக்கொள்ளுங்கள், அந்த இரும்பு பட்ட பக்கத்தைப் பிளாஸ்டிக் கரண்டியால் சீவித் தள்ளிவிட்டு உள்ளே இருப்பதை எடுங்கள்.

7. மண் எடுக்கும் நாள்

பெருமழை பெய்த மறுநாள் போகாதீர்கள். சேறு கலக்காது, ஆழமும் பிடிபடாது. உரம் போட்டு ஒரு மாதமாவது ஆகியிருக்கட்டும்.

ஒப்பு மண்ணில் தொடங்குங்கள், ஆலைப் பக்கத்தில் முடியுங்கள். செருப்பிலும் கரண்டியிலும் ஒட்டுகிற மண் சுத்தமான இடத்திலிருந்து அசுத்தமான இடத்துக்குப் போனால் பெரிய பாதகம் இல்லை. எதிர்ப்பக்கமாகப் போனால் ஒப்பு மண்ணே கெட்டுவிடும்.

ஒரு இடத்தில் ஒரே குழியில் எடுக்காதீர்கள். அந்தக் குழியில் ஒரு பேட்டரித் துண்டு கிடந்தால் முழு எண்ணும் போச்சு. பாத்தியிலோ திடலிலோ வளைந்து வளைந்து நடந்து 15 முதல் 20 இடத்தில் சிறிது சிறிதாக, எல்லாம் ஒரே ஆழத்தில், எடுத்து வாளியில் போடுங்கள். கல், வேர், புழுவைப் பொறுக்கிப் போட்டுவிட்டு நன்றாகக் கலக்குங்கள். பிளாஸ்டிக் விரிப்பில் கொட்டித் தட்டையாக்கி, நாலாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு கால்பாகத்தைத் தள்ளிவிட்டு மீதியை மறுபடி கலக்குங்கள். அரைக்கிலோ வரும்வரை இப்படி. மேலாக ஒரு கை அள்ளினால் பொடி கீழே தங்கிவிடும், உலோகம் அதிகம் இருப்பதும் அந்தப் பொடியில்தான்.

ஆலையிலிருந்து காற்று போகிற திசையில் கால், அரை, ஒன்று, இரண்டு கிலோமீட்டர் என்று எடுங்கள். எதிர்த் திசையில் ஒன்றாவது வேண்டும். லோரிப் பாதையிலிருந்து தள்ளி நில்லுங்கள், பிரேக்கிலும் டயரிலும் வருகிற செம்பும் துத்தநாகமும் கணக்கைக் குழப்பும்.

ஏதாவது ஒரு இடத்தில் இரட்டை மாதிரி எடுத்து, லேப்புக்குச் சொல்லாமல் வேறு எண் போட்டு அனுப்புங்கள். இரண்டின் முடிவும் நெருங்கி வந்தால் உங்கள் கையும் லேப்பின் கையும் சரி. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் என்றால் மற்ற எண்களையும் சந்தேகத்தோடு பாருங்கள்.

இடம் மாறும்போது கரண்டியைக் கழுவி, காய்ச்சி வடித்த தண்ணீரில் அலசித் துடையுங்கள். ஒவ்வொரு இடத்திலும் கைப்பேசியில் படம் எடுங்கள், அளவுகோல் தெரிய, பின்னால் அடையாளம் தெரிய.

8. காயவைத்து, சலித்து, பெயர் எழுதுங்கள்

லேப் ஈரமாகவே கேட்டால் இந்தப் படியை விட்டுவிடலாம். காயவைக்கச் சொன்னால் அறைக்குள், வெயில் படாமல், வெள்ளைக் காகிதத்தின்மேல். அடுப்பில், ஓவனில் வைத்தால் பாதரசம் பறந்துவிடும். வாசலில் வைத்தால், தூசைத் தேடுகிற மாதிரியின் மேலேயே தூசு விழும். சிரிக்காதீர்கள், ஒரு வீட்டில் அப்படித்தான் காய்ந்துகொண்டிருந்தது.

சலிப்பது 2 மில்லிமீட்டர் நைலான் சல்லடையில். பித்தளை வலை வேண்டாம், செம்பும் துத்தநாகமும் இறங்கும்.

பெயரைப் பென்சிலால் துண்டுக் காகிதத்தில் எழுதி, சிறு பையில் போட்டு உள்ளே வையுங்கள், பைக்கு வெளியேயும் ஒன்று. மார்க்கர் எழுத்து ஐஸ் பெட்டித் தண்ணீரில் அழிந்துவிடும். யார் எடுத்தது, யார் கையில் கொடுத்தது, எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் கையெழுத்தோடு வையுங்கள்.

9. லேப் தாளை வாசிப்பது

எண்கள் கிலோவுக்கு மில்லிகிராமில் இருக்கும். பிபிஎம் என்று போட்டிருந்தாலும் அதுவேதான். எண்ணுக்கு முன்னால் "இதைவிடக் குறைவு" என்ற குறி இருந்தால் அந்தக் கருவியால் அதற்குக் கீழே பார்க்க முடியவில்லை என்று அர்த்தம், பூஜ்யம் என்று அர்த்தமில்லை.

முதலில் பிஎச், கால்சியம். நம் தோட்ட மண் இயல்பாகப் புளிப்பு, பிஎச் 4, 5 என்றுதான் நிற்கும். ஆலையை நெருங்க நெருங்க 7, 8 என்று ஏறி, கால்சியமும் கூடவே ஏறினால் சுண்ணாம்புத் தூசு விழுந்திருக்கிறது. அடியில் சுண்ணாம்புப் பாறை இருக்கிற நிலத்தில் இது இயல்பாகவும் வரும். அதற்குத்தான் இரண்டு ஆழம்.

அடுத்து, உலோகத்தை அலுமினியத்தால் வகுத்துப் பாருங்கள். கணக்குக்காக ஒரு உதாரணம்: உங்கள் மண்ணில் காரீயம் 60, அலுமினியம் 20,000. ஒப்பு மண்ணில் காரீயம் 20, அலுமினியம் 40,000. நேரே பார்த்தால் மூன்று மடங்கு. வகுத்துப் பார்த்தால் 0.003-க்கும் 0.0005-க்கும் நடுவே ஆறு மடங்கு. உங்கள் மண்ணில் களி குறைவு, மணல் அதிகம். அந்த மணல் உண்மையான ஏற்றத்தை மறைத்திருக்கிறது. இந்த மடங்கு 2-க்குள் இருந்தால் இயல்பு என்று விடலாம். 2 முதல் 5 வரை மிதமான சேர்மானம். 5-க்கு மேல் வெளியிலிருந்து வந்தது என்று தைரியமாகப் பேசலாம். ஆலையிலிருந்துதானா என்று சொல்ல, தூரம் கூடக்கூட எண் இறங்கவும் வேண்டும், மேல்மண்ணில் கூடியிருக்கவும் வேண்டும்.

பிறகுதான் அளவுகோல் பட்டியல். மலேசியாவில் சுற்றுச்சூழல் துறையான ஜபத்தான் ஆலாம் செக்கித்தார் 2009-இல் மாசுபட்ட நிலத்துக்கான வழிகாட்டிகளை வெளியிட்டது, அதில் குடியிருப்பு நிலத்துக்கும் தொழிற்சாலை நிலத்துக்கும் தனித்தனி எண்கள். குடியிருப்புப் பத்தியைப் பாருங்கள். ஒப்பிட்டுப் பார்க்க, கழிவுச் சேறு போடும் விவசாய நிலத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் 1986-இல் வைத்த எல்லைகள்: காட்மியம் 1–3, காரீயம் 50–300, நிக்கல் 30–75, செம்பு 50–140, துத்தநாகம் 150–300, பாதரசம் 1–1.5. அமெரிக்கா வீட்டு மண்ணின் காரீய எண்ணை 2024-இல் 400-லிருந்து 200-க்கு இறக்கியது.

இவை "தாண்டினால் விஷம்" என்ற கோடுகள் இல்லை, "தாண்டினால் இன்னும் ஆராய்" என்ற கோடுகள். ஆர்செனிக்கில் இது நன்றாகவே தெரியும். அமெரிக்கப் பட்டியலில் வீட்டு மண்ணுக்கு ஆர்செனிக் 0.68. உலகத்தில் சாதாரண மண்ணே பெரும்பாலும் அதைத் தாண்டும். "எல்லையைப்போல் முப்பது மடங்கு" என்று பேனர் அடித்தால், எதிரே உட்கார்ந்திருக்கிற நிபுணர் ஒரே வார்த்தையில் உங்களை உட்கார வைத்துவிடுவார். ஒப்பு மண்ணோடு எத்தனை மடங்கு என்று மட்டும் பேசுங்கள்.

10. கீரையையும் அனுப்புங்கள்

மண்ணில் இருப்பதெல்லாம் செடியில் ஏறாது. காரீயம் பெரும்பாலும் இலைமேல் தூசாக ஒட்டும், காட்மியம் வேர் வழியாக உள்ளே போகும். ஒரே பாத்தியில் ஒரே நாள் பறித்த கீரையை இரண்டாகப் பிரித்து, ஒன்றைச் சமையலுக்குக் கழுவுகிற மாதிரி மூன்று தண்ணீரில் அலசி, ஒன்றைக் கழுவாமல் அனுப்புங்கள். கழுவினதில் எண் நன்றாக இறங்கினால் பிரச்சினை தூசில். இறங்காவிட்டால் மண்ணில். பரிகாரம் இரண்டுக்கும் வேறு.

இங்கே அடிக்கடி நடக்கிற பிழை ஒன்று. கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பின் எல்லைகள், கீரைக்குக் காரீயம் 0.3, காட்மியம் 0.2, பச்சை எடைக்கு உரியவை. லேப் சில நேரம் காய்ந்த எடைக்குக் கொடுக்கும். கங்கோங்கில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், அதனால் காய்ந்த எடை எண் சுமார் பத்து மடங்கு பெரிதாகத் தெரியும். எந்த எடை என்று கேட்காமல் யாரையும் பயமுறுத்தாதீர்கள்.

11. பாத்தியில் என்ன மாற்றுவது

முடிவைச் சொன்னதும் எங்கள் லயத்துப் பாட்டி ஒருவர் கேட்டார்: "கீரையப் பிடுங்கிப் போட்டுட்டு நான் என்னாத்த தம்பி திங்கிறது?" நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் பிடுங்க வேண்டியதில்லை.

தண்டுக்கீரையும் கங்கோங்கும்தான் உலோகத்தை அதிகம் ஏற்றிக்கொள்ளும், தூசையும் பிடிக்கும். கத்தரி, வெண்டை, பயிற்றங்காய், பாகல் குறைவாக ஏற்றும். முதலில் பாத்தியை அப்படி மாற்றினார் பாட்டி. கீரைக்கு மட்டும், சோதித்த மண் கொண்டுவந்து ஒரு முழம் உயரத்துக்குத் தனிப் பாத்தி கட்டிக் கொடுத்தோம். வெளியிலிருந்து வருகிற மண்ணையும் சோதிக்காமல் கொட்டக் கூடாது. லோரிக்காரர் எங்கே வெட்டினார் என்று யாருக்குத் தெரியும்? மரவள்ளி, சக்கரைவள்ளி, மஞ்சள் எல்லாம் நன்றாகக் கழுவி, தோலைக் கெட்டியாகச் சீவ வேண்டும்.

செம்பனை வெற்றுக் குலையையோ லாலான் புல்லையோ மண்மேல் பரப்புங்கள். மழையில் மண் தெறித்து இலையில் ஒட்டாமல் இருக்கும்.

கவனிக்க வேண்டியது ஒன்று. பிஎச் ஏறிவிட்டதே என்று கந்தகத்தையோ அமோனியம் சல்பேட்டையோ போட்டுப் புளிப்பாக்கப் போகாதீர்கள். காரமான மண் காட்மியத்தையும் காரீயத்தையும் கட்டி வைத்திருக்கிறது, புளிப்பாக்கினால் அவிழ்ந்து வேருக்குப் போகும். ஆர்செனிக்கும் ஆறாம் நிலைக் குரோமியமும் இதற்கு நேரெதிர், காரத்தில்தான் நகரும். எது உங்கள் மண்ணில் கூடுதல் என்று தெரியாமல் சுண்ணாம்பும் போடாதீர்கள். நன்றாக மக்கிய எரு போடுவதில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் குறைவு.

கொல்லையில் மேய்கிற கோழியை மறந்துவிடுவார்கள். அது நாள் முழுக்க மண்ணைக் கொத்துகிறது, காரீயம் முட்டைக்குப் போகும். வாசல் மண்ணில் காரீயம் கூடுதலாக வந்தால் சின்னப் பிள்ளைகளைக் கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதார நிலையம்) கூட்டிப் போய், மண் தாளைக் காட்டி, இரத்தச் சோதனையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

12. புகார் கொடுப்பதானால்

சுற்றுச்சூழல் துறைக்குத்தான் போக வேண்டும். அடிப்படைச் சட்டம் 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம், புகைக்கு 2014-ஆம் ஆண்டின் சுத்தமான காற்று ஒழுங்குமுறைகள். நாம் எடுத்த மண் மாதிரிக்கு அதிகாரி எடுத்த மாதிரியின் பலம் கிடையாது. ஆகவே "நடவடிக்கை எடுங்கள்" என்று மட்டும் எழுதாமல், "இந்த இடங்களில் நீங்களே மாதிரி எடுங்கள்" என்று கேளுங்கள். வரைபடம், இரண்டு வாரத் தூசு நோட்டு, லேப் தாளின் நகல், ஒப்பு மண்ணை ஏன் அங்கே எடுத்தோம் என்ற ஒரு பத்தி, இவ்வளவும் சேர்த்தால் போதும். வழக்குக்குப் போகிற எண்ணம் இருந்தால் மாதிரி எடுப்பதற்கு முன்பே வக்கீலைப் பாருங்கள்.

கடிதத்தை மலாயில் எழுதுங்கள், ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். கொடுத்ததும் புகார் எண் கேட்டு வாங்கி, தூசு நோட்டின் முதல் பக்கத்தில் குறித்து வையுங்கள். அடுத்த தடவை இரவில் தூசு விழுந்தால், தேதி, மணி, காற்றுத் திசை மூன்றையும் அதே எண்ணின் கீழ் சேர்க்கச் சொல்லலாம்.